மண் உறைவதற்கு முன் நட வேண்டிய பூக்கிழங்குகள்

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் தென்பகுதியில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்கள் பலர், தக்காளியும் கத்தரியும் ஓய்ந்ததும் மண்வெட்டியைக் கழுவிக் கராஜில் சாத்திவிடுகிறார்கள். ஆனால் டியூலிப், டாஃபடில், குரோக்கஸ், ஹயசிந்த் ஆகியவற்றின் கிழங்குகளை நடும் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. மே மாதத்தில் அயல்வீட்டு முற்றம் பூத்துக் கிடப்பதைப் பார்த்தபின் கிழங்கு தேடிக் கடைக்குப் போனால் கிடைக்காது. வசந்தத்தில் பூப்பதை முந்திய இலையுதிர் காலத்திலேயே நட்டிருக்க வேண்டும்.

குளிர் இந்தக் கிழங்குகளுக்குப் பகையன்று. காட்டு டியூலிப்பின் தாய்நிலம் மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகள். அங்கே குளிர்காலம் கடுமையானது, கோடை காய்ந்தது. ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள் வரை 9 பாகை செல்சியசுக்குக் கீழே கிடந்தால்தான் டியூலிப்பின் தண்டு ஒழுங்காக நீளும். அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் பூ இலைகளுக்குள்ளேயே முடங்கிவிடும். போர்க்காலத்தில் ஒட்டாவாவில் தங்கியிருந்த நெதர்லாந்து அரச குடும்பம் 1945இல் நன்றியாக 1,00,000 டியூலிப் கிழங்குகளை அனுப்பிய நாள்முதல், ரொறன்ரோவைவிடக் குளிர் மிகுந்த அந்நகரம் மே மாதந்தோறும் டியூலிப்பால் நிறைகிறது. ஆகவே கிழங்கு குளிரில் செத்துவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். தேங்கும் நீருக்கும் அணிலுக்கும்தான் நாம் அஞ்ச வேண்டும்.

வாங்கும்போது பெரியதாக, கெட்டியாக, கையில் கனமாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு கிழங்கைத் தியாகம் செய்து, ஒக்டோபரில் அதை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். வெங்காயத்தைப் போல வெண்ணிற அடுக்குகளும், அவற்றின் நடுவே வெளிர்மஞ்சள் குருத்தும், அந்தக் குருத்துக்குள் நெல்மணி அளவில் ஒரு மொட்டும் தெரியும். அடுத்த ஆண்டு பூக்கப்போகும் பூ கோடையிலேயே உள்ளே உருவாகிவிட்டது. அதனால்தான் முதல் ஆண்டில் அநேகமாக எல்லோருக்கும் நன்றாகப் பூக்கிறது; இரண்டாம் ஆண்டுப் பூ நம்முடைய பராமரிப்பைப் பொறுத்தது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: டாஃபடில் கிழங்கு பார்ப்பதற்கு வெங்காயம் போலவே இருக்கும், ஆனால் நஞ்சு. சமையலறையில், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் அதை ஒருபோதும் வைக்காதீர்கள். ஹயசிந்த் கிழங்கு தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

வேர் பிடிக்கக் கூடுதல் காலம் வேண்டிய டாஃபடிலையும் குரோக்கஸையும் செப்டெம்பர் இறுதியிலிருந்தே நடலாம். டியூலிப்புக்கு மண் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான மண்ணில் அதற்கு நோய் எளிதில் பற்றும். நம் மாதக் கணக்கில் ஐப்பசி பிறந்ததும் நடத் தொடங்கினால் சரியாக இருக்கும். தவறவிட்டாலும், மண்வெட்டி இறங்கும் அளவுக்கு மண் இளகியிருக்கும்வரை நடலாம். கராஜில் வைத்திருந்து அடுத்த ஆண்டு நடலாம் என்று நினைத்தால் கிழங்கு வற்றிவிடும்.

இடத்தைத் தெரிவு செய்வதில்தான் நான் முதலில் தவறினேன். கூரை நீர் குழாய் வழியாக இறங்கும் மூலையில், மண் ஈரமாக இருக்கிறதே என்று மகிழ்ந்து முப்பது கிழங்குகளை நட்டேன். மே மாதத்தில் ஒரு இலைகூட வரவில்லை. தோண்டினால் விரல் பட்டதும் குழைந்து போகிற, அழுகல் வாடை வீசும் பழுப்புக் கூழ்தான் இருந்தது. இங்கே பல வீட்டுக் காணிகளில் இருப்பது களிமண். ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். மறுநாளும் நீர் நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். களிமண்ணைத் திருத்துவதானால் பாத்தி முழுவதையும் கொத்தி, மக்கிய உரம் கலக்க வேண்டும். குழிக்குள் மட்டும் பொலபொலப்பான மண்ணைப் போட்டால், சுற்றியுள்ள களிமண் சட்டி போல நீரைத் தேக்கிவிடும். இலையுதிர் மரத்தின் அடியிலும் நடலாம். மரம் தழைப்பதற்குள் குரோக்கஸ் பூத்து முடிந்துவிடும்.

கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழத்தில் நடுவது பொது விதி. டியூலிப்புக்கும் டாஃபடிலுக்கும் 15 முதல் 20 செ.மீ., குரோக்கஸுக்கு 8 முதல் 10 செ.மீ. போதும். கூர்முனை மேலே இருக்கட்டும். எது மேல், எது கீழ் என்று தெரியாவிட்டால் பக்கவாட்டில் படுக்க வைத்தாலும் குருத்து மேல்நோக்கித் திரும்பிக்கொள்ளும். வரிசை பிடிக்காமல், பத்துப் பன்னிரண்டாகக் கூட்டமாக நட்டால்தான் கண் நிறையும். நட்டவுடன் ஒருமுறை ஆழமாக நீர் விடுங்கள்.

அணில் டியூலிப்பையும் குரோக்கஸையும் விரும்பித் தின்னும். டாஃபடிலையும், வெங்காய இனத்துப் பூச்செடியான அல்லியத்தையும் தொடாது. கிழங்கிலிருந்து உதிர்ந்த தோலைப் பொறுக்கி அகற்றிவிடுங்கள், அந்த வாசனைதான் அதை அழைக்கிறது. எலும்புத்தூளும் விலங்குகளை ஈர்க்கும் என்பதால் நான் இடுவதில்லை. பாத்தியின் மேல் கோழிக் கம்பி வலையை விரித்து ஓரங்களில் கல் வைத்து, வசந்தத்தில் குருத்து எட்டிப் பார்க்கும்போது எடுத்துவிட்டால் போதும்.

மண் உறைந்த பிறகு உதிர்ந்த இலைகளை 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் பரப்பலாம். மண் உறைந்தும் இளகியும் மாறிமாறிக் கிழங்கை மேலே தள்ளிவிடாமல் தடுப்பதே இதன் பயன். இடையில் சில நாள் வெயிலில் பச்சை நுனி வெளியே வந்துவிட்டாலும் கவலை வேண்டாம். மொட்டு இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. தொட்டியில் நட்டவற்றுக்கு நாற்புறமும் குளிர் ஏறுவதால், சூடேற்றப்படாத கராஜில் வைப்பதே பாதுகாப்பு.

பூ உதிர்ந்ததும் காம்பின் நுனியிலுள்ள காயை மட்டும் கிள்ளிவிடுங்கள். இலையை வெட்டவோ, அழகுக்காக முடிந்து வைக்கவோ கூடாது. ஆறு வாரமளவில் அது தானாக மஞ்சளாகும்வரை வெயிலை உண்டு கிழங்கை நிரப்புகிறது. அந்த இலைதான் அடுத்த ஆண்டுப் பூ. டாஃபடில் ஆண்டுக்காண்டு பெருகும். டியூலிப்பில் பெரும்பாலான கலப்பின வகைகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மெலிந்துவிடும். நீடித்துப் பூக்க வேண்டுமானால் டார்வின் கலப்பினங்களையோ சிறிய காட்டு வகைகளையோ கேட்டு வாங்குங்கள்.

கோடையில் கிழங்கு காய்ந்த மண்ணில் உறங்க வேண்டும். நாள்தோறும் நீர் விடும் மிளகாய், கத்தரிப் பாத்தியில் அதை வைத்தால் அழுகிவிடும். இலை மறைந்தபின் இடமும் மறந்துபோகும் என்பதால், பூத்திருக்கும்போதே நான்கு மூலையிலும் குச்சி ஊன்றி வைத்துவிடுங்கள்.