இறங்கின கண்ணாடி ஏறவில்லையா? மோட்டார் வாங்கும் முன் கதவிடுக்கு ஒயரைப் பாருங்கள்

எங்கள் பிக்கப்புக்கு இப்போது 17 வயது. கேத்தி பாலாடாவிலிருந்து கேரட் மூட்டையோடு வாரத்தில் நான்கு நாள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிற வண்டி. போன ஐப்பசியில், கல்லாறு செக்போஸ்டில் சுவிட்சில் இயங்கும் இடது பக்க ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன். திரும்ப ஏறவில்லை. மண்டி வேலை முடிந்து வீடு திரும்பும்போது பர்லியாறிலிருந்து குன்னூர் வரைக்கும் மழைச்சாரல் முழுக்க அப்பா மேல்தான். ஜன்னலில் ஒரு கேரட் சாக்கைப் பிடித்துக்கொண்டே வந்தார். இரண்டு நாள் இருமல்.

அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று வாரமும் தேவையே இல்லாத ஒரு புது மோட்டாரும் ஆனது. உங்களுக்கு ஒரு மதியம் போதும்.

கழற்றும் முன்

கேபின் லைட்டைப் போட்டுவிட்டு சுவிட்சை அழுத்துங்கள். லைட் லேசாக மங்கினால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, ஆனால் மோட்டாரால் கண்ணாடியை இழுக்கத்தான் முடியவில்லை. பீடிங் (கண்ணாடி சறுக்குகிற ரப்பர்) பிடிக்கிறது, அல்லது மெஷின் (கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரைப் பட்டறைகளில் இப்படித்தான் சொல்வார்கள்) சிக்கியிருக்கிறது. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டும் கண்ணாடி அசையவில்லை என்றால் மெஷினில் கேபிள் அறுந்திருக்கும், இல்லையென்றால் பல் தேய்ந்திருக்கும். சத்தமும் இல்லை, லைட்டும் மங்கவில்லை என்றால் கரண்ட் வழியில் கோளாறு. எல்லாக் கதவும் ஒன்றாக நின்றுவிட்டால் பியூஸையும் டிரைவர் பக்க மெயின் சுவிட்சையும் முதலில் பாருங்கள்.

டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க அட்டையை, கழற்றுவது பெரிய வித்தை இல்லை. கைப்பிடிக்குள் ஒரு ஸ்க்ரூ, ஆர்ம்ரெஸ்டுக்கு அடியில் ஒன்றிரண்டு, பிறகு சுற்றிலும் கிளிப். ஆனால் மலைக்குளிரில் பழைய கிளிப் பட்டென்று உடையும். வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெயின்டும் போகும், பேடும் கிழியும். பிளாஸ்டிக் நெம்பும் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் மெதுவாக உரித்து, தூசி படாத இடத்தில் வையுங்கள். அதற்குக் கடைசியில் வேலை இருக்கிறது.

நான் மாட்டிக்கொண்ட இடம்

எங்கள் கண்ணாடி இடது பக்க சுவிட்சில் இறங்கும், ஏறாது. டிரைவர் பக்க சுவிட்சில் இரண்டுமே நடக்காது. டெஸ்ட் லேம்பின் (ஒரு பக்கம் கிளிப், மறுபக்கம் கூர்முனை உள்ள சோதனை பல்பு) கிளிப்பை பாடி எர்த்தில் (பேட்டரி மைனஸோடு சேர்ந்த பாடி இரும்பு) மாட்டி, மோட்டார் கப்ளரில் (ஒயர் சேரும் பிளக்) முனையை வைத்து, சுவிட்சை ஏற்றும் பக்கம் அழுத்தினேன். லேம்ப் பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வருகிறது, கண்ணாடி ஏறவில்லை. இறங்குவதற்குப் பலம் வேண்டாம், ஏற்றத்தானே வேண்டும், மோட்டார் தளர்ந்துவிட்டது என்று நினைத்து கோயம்புத்தூர் போய்ப் புது மோட்டார் வாங்கி மாட்டினேன். அதே கதை.

பிறகு ஊட்டியில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் சொன்னார்: "தம்பி, லேம்பை பாடியில குடுக்காத. மோட்டாருக்குப் போற ரெண்டு ஒயருக்கும் நடுவுல குடு." கொடுத்தேன். இறக்கும்போது எரிந்தது. ஏற்றும்போது எரியவில்லை.

விஷயம் இதுதான். பெரும்பாலான பழைய வண்டிகளில் மோட்டாருக்கு இரண்டே ஒயர். கையை எடுத்திருக்கும்போது இரண்டுமே சுவிட்சுகள் வழியாக எர்த்தில் இருக்கும். ஏற்று என்று அழுத்தினால் ஒன்றில் 12 வோல்ட் வரும், மற்றது எர்த்தாகவே நிற்கும். இறக்கு என்றால் இரண்டும் இடம் மாறும். இடது கதவு மோட்டாருக்கு அந்த எர்த், கதவிடுக்கைத் தாண்டி டிரைவர் பக்க மெயின் சுவிட்ச் வரை போய்த்தான் கிடைக்கிறது. அந்த வழி அறுந்தால் கரண்ட் வரும், ஆனால் திரும்பிப் போக வழி இருக்காது. பாடியில் மாட்டிய லேம்ப் அந்தக் குறையைக் காட்டவே காட்டாது.

எந்த ஒயர் அறுந்தது என்று கண்டுபிடிக்க இதைச் செய்யுங்கள். மோட்டார் கப்ளரைக் கழற்றுங்கள். லேம்ப் கிளிப்பை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, சுவிட்சைத் தொடாமல், ஒயர் பக்கக் கப்ளரின் இரண்டு பின்னையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இரண்டிலும் லேம்ப் எரிய வேண்டும். எரியாத பின்னுக்கு எர்த் இல்லை. கதவுக்குள்ளேயே கன்ட்ரோல் யூனிட் வைத்த புது வண்டிகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

மல்டிமீட்டர் போதாதா என்றால், இந்த வேலைக்கு நான் டெஸ்ட் லேம்பைத்தான் நம்புவேன். ஒயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். மோட்டார் இழுக்கிற ஆம்பியரை அந்த ஒற்றை இழை தாங்காது. பல்பு எரிய கரண்ட் ஓடியாக வேண்டும், அதனால் பழுது வெளியே தெரியும். எல்இடி லேம்ப் வேண்டாம், பழைய இழை பல்பு வைத்ததே நல்லது.

ஒயரை மாற்றுவது

கதவுக்கும் பில்லருக்கும் (கதவைத் தாங்கும் பாடித் தூண்) நடுவே, கீல் பக்கத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதைக் கழற்றிப் பின்னால் தள்ளி, ஒவ்வொரு ஒயரையும் இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். நல்ல ஒயர் விறைப்பாக நிற்கும். அறுந்தது ரப்பர் பேண்ட் மாதிரி நீளும், ஏனென்றால் உள்ளே செம்பு இல்லை, மேல்தோல் மட்டும்தான். எங்கள் வண்டியில் பச்சை நிற ஒயர் அப்படி நீண்டது. தோலைக் கீறியபோது செம்புக்குப் பதிலாகப் பச்சைப் பொடி உதிர்ந்தது. தினமும் நூறு தடவை திறந்து மூடுகிற கதவு, உள்ளே புகுந்து காயவே காயாத மூடுபனி ஈரம். இரண்டும் சேர்ந்தால் செம்பு எத்தனை வருஷம் தாங்கும்?

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்கே திரும்ப அறும். ஒரு சாண் நீளத்துக்குப் புது ஒயர் போட்டு, ஒரு ஜாயின்ட் கதவுக்குள்ளும் இன்னொன்று பில்லருக்குள்ளும் வருகிற மாதிரி செய்யுங்கள். மடங்குகிற இடத்தில் ஜாயின்டே வரக்கூடாது. 2.5 ஸ்கொயர் மில்லிமீட்டர் மல்டி ஸ்ட்ராண்ட் (பல மெல்லிய இழை கொண்ட) ஒயர் கேளுங்கள், வீட்டு வயரிங்குக்கான விறைப்பான ஒயர் வேண்டாம். பல பேர் சால்டர் வைப்பார்கள். அசைகிற இடத்துக்குப் பக்கத்தில் ஈயம் ஏறிய பகுதி விறைத்து, அதன் ஓரத்தில் ஒயர் அறும். கிரிம்ப் செய்து (ஒயர் முனைகளை உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கி), மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுவதே என் வழக்கம். ஒன்றுக்கு மேற்பட்ட ஒயரை மாற்றினால் ஜாயின்டுகளை முன்னும் பின்னுமாகத் தள்ளிவையுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் குழாய் திரும்ப உட்காராது.

மெஷினையே கழற்ற வேண்டி வந்தால் முதலில் கண்ணாடியை மேலே ஏற்றி, மாஸ்கிங் டேப்பைச் சட்டத்துக்கு மேலாக உள்ளும் வெளியும் ஒட்டி நிறுத்துங்கள். கத்தரிக்கோல் மாதிரி கைகள் உள்ள மெஷினில் ஸ்பிரிங் இருக்கும். அந்தக் கையை போல்ட் போட்டு நிறுத்தாமல் மோட்டாரைக் கழற்றினால் கை சடாரென்று திரும்பும், விரல் போய்விடும். தெரியாவிட்டால் அந்த ஒரு வேலையை மட்டும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

பீடிங்

கண்ணாடி சறுக்குகிற பீடிங்கில் கிரீஸ், இன்ஜின் ஆயில் எதுவும் வேண்டாம். ரப்பர் ஊதும், புழுதி ஒட்டும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் சிலிகான் ஸ்பிரே அடியுங்கள். வெள்ளை கிரீஸ் மெஷின் பல்லுக்கு மட்டும். மார்கழி, தை மாதங்களில் தலைக்குந்தா பக்கம் காலையில் உறைபனி விழும்போது கண்ணாடி பீடிங்கோடு ஒட்டியிருக்கும். அப்போது சுவிட்சை அழுத்தவே வேண்டாம். வெந்நீரும் ஊற்றாதீர்கள், கண்ணாடி வெடிக்கும். இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுக் காத்திருங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துச் செய்து பார்த்த கோத்தகிரி அண்ணன் ஒருவர், கண்ணாடி நன்றாக ஓடுகிறது, ஆனால் கால்மிதியில் தண்ணீர் நிற்கிறது என்று எழுதியிருந்தார். பிளாஸ்டிக் ஷீட்டைத் திரும்ப ஒட்டாமல் விட்டிருக்கிறார். மழைநீர் கண்ணாடியோடு கதவுக்குள் இறங்குவது இயல்பு. ஷீட்தான் அதை கேபினுக்குள் விடாமல் கீழே ஓட்டைகளுக்குத் திருப்புகிறது. பழைய பசை பிடிக்கவில்லை என்றால் பியூட்டைல் டேப் வாங்கி, கீழ்ப்பக்கம் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். கதவின் அடி ஓட்டைகளைச் சைக்கிள் ஸ்போக்கால் குத்திவிடுங்கள். எங்கள் கதவிலிருந்து ஒரு கைப்பிடி சவுக்குச் சருகு வந்தது. டோர் பேடை மாட்டும் முன் கண்ணாடி மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அது முழுக்கக் கதவடியில் சொட்டினால் பேடை மாட்டலாம்.