பவளத் தொட்டிக்கு ராஸ் மீன்: தேர்வும் பராமரிப்பும்

உயிருள்ள பவளங்களை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு ராஸ் (wrasse) எனும் வண்ணக் கடல்மீனை வாங்கும் முன், அது இரவில் எங்கே உறங்கும் என்பதைத்தான் முதலில் கேட்டறிய வேண்டும். ஃபேரி, ஃபிளாஷர் வகைகள் பாறை இடுக்கில் சளியாலான மெல்லிய உறையைத் தம்மைச் சுற்றி உருவாக்கிக்கொண்டு தூங்குகின்றன. பவளங்களைச் சீண்டாமல் நீரில் மிதந்துவரும் நுண்ணிய உயிர்களையே உண்பதால், புதியவர்களுக்கு இவற்றையே நான் பரிந்துரைப்பேன். லெப்பர்டு, ஹாலிகோரஸ் வகைகளோ மணலுக்குள் புதைந்து உறங்குபவை. குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு நுண்மணல் பரப்பாத தொட்டியில் அவற்றை விடுவது கொடுமை. புதிதாக விட்ட மீன் சில நாட்கள் மணலிலேயே மறைந்திருந்தால், பதறித் தோண்டக் கூடாது. லெப்பர்டு வகை, பாறையில் ஊரும் கோபிபாடுகள் எனும் நுண்ணிய ஓட்டுடலிகளை நாள் முழுவதும் கொத்தித் தின்று பழகியது. அதற்கு இத்தகைய நுண்ணுயிர்கள் பெருகிய, நன்கு முதிர்ந்த தொட்டி வேண்டும், உறைந்த மைசிஸை (இறால் போன்ற சிற்றுயிரை) அது உண்பதைக் கண்ணால் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

ஆறுகோட்டு ராஸ் அழகானதுதான். ஆயினும் தொட்டியைத் தன் எல்லையாக்கிக்கொண்டால் பின்னர் வரும் சாதுவான மீன்களை விடாமல் துரத்தும் என்பதால், அதைக் கடைசியாகவே விட வேண்டும். பிற மீன்களின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் கிளீனர் ராஸை வாங்கவே வேண்டாம். பெரும்பாலானவை தொட்டியில் பட்டினியால் மடிகின்றன.

ஏறக்குறைய எல்லா ராஸ்களும் மிரண்டால் துள்ளிக் குதிப்பவை. ஆகவே 6 மி.மீ. கண்ணுள்ள வலைமூடியைப் பொருத்தி, மின்கம்பி நுழையும் மூலை இடைவெளியையும் அடைத்துவிட வேண்டும்.