பாடி நடிக்க விரும்புவோர் முதலில் செய்ய வேண்டியவை

கர்நாடக இசையை முறையாகக் கற்று, அந்தப் பயிற்சியைக் கொண்டே நாடக மேடையில் வாழ்க்கை அமைத்துக்கொள்ள நினைக்கும் சேலத்து இளைஞர்கள், முதலில் தம் குரலின் கட்டையை, அதாவது பாடுவதற்கு ஆதாரமான சுருதி அளவை, ஐயமின்றி அறிந்துகொள்ள வேண்டும். ஆண் குரல்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள்ளும், பெண் குரல்கள் ஐந்து, ஐந்தரை கட்டையை ஒட்டியும் அமைகின்றன. உட்கார்ந்து பாடும்போது வசதியாக இருக்கும் கட்டை, வேடம் கட்டி ஆடும்போது அப்படியே கைகொடுக்காது. என் முதல் மேடையில் கச்சேரிக் கட்டையையே வைத்துக்கொண்டு, நள்ளிரவுக்குள் குரல் கம்மிப்போய், விடியும்வரை பாட்டுகளையெல்லாம் வசனமாகச் சொல்லிச் சமாளித்தேன். அன்று முதல் மேடைக்கு அரைக்கட்டை குறைத்தே வைத்துக்கொள்கிறேன்.

அடிப்படைப் பயிற்சிக்குச் சேலம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசைப் பிரிவில் சேரலாம். அது மூன்றாண்டுப் படிப்பு. அங்கே கற்கும் சரளி வரிசை என்னும் தொடக்க ஸ்வரப் பயிற்சியை வீட்டில் வேறு விதமாகவும் பழக வேண்டும். விடியற்காலையில் மந்தர ஸ்தாயி எனப்படும் கீழ்க்குரலில் அகார சாதகம் செய்து, அதாவது 'ஆ' என்று நீட்டிப் பாடி, குரலைத் திறந்த பிறகு, மூன்று காலங்களிலும் (வேகங்களிலும்) வரிசைகளை நடந்துகொண்டே பாடுங்கள். அது கைவந்ததும் சுழன்று, மண்டியிட்டு எழுந்து, மூச்சு வாங்கும் நிலையிலேயே ஆதார ஸ்வரமான சட்ஜத்தைச் சரியாகப் பிடிக்க முடிகிறதா என்று சோதியுங்கள். வசனத்தையும் தம்பூராவை ஒலிக்கவிட்டே பேசிப் பழகினால், பேச்சிலிருந்து, ராகத்தில் செய்யுள் பாடும் விருத்தத்துக்குள் நுழையும் இடம் உறுத்தாது. விருத்தத்தில் தாளத்தின் துணை இல்லாததால் ராக ஞானமே உங்களை நடத்திச் செல்லும். அதற்குத் தனியாக ஓராண்டு ஒதுக்கினாலும் தகும்.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் சிறுவர்கள் பாட்டையும் நடிப்பையும் ஒன்றாகவே கற்றார்கள். அவர் நாடகங்கள் இன்றும் ஸ்பெஷல் நாடகமாக நடக்கின்றன. அதில் ராஜபார்ட்டும் (கதாநாயகன்) ஸ்திரீபார்ட்டும் (கதாநாயகி) வெவ்வேறு ஊரிலிருந்து வந்து, ஒத்திகை இல்லாமலே மேடையில் சந்திக்கிறார்கள். ஆகையால் ஆர்மோனியக்காரரிடம் உங்கள் கட்டையையும் பாட்டு வரிசையையும் முன்னதாகவே சொல்லிவிடுவது அவசியம். நம் பக்கத்துத் தெருக்கூத்திலோ, திரைக்குப் பின்னிருந்து பாடியபடியே பாத்திரம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ஒரு கூத்துச் செட்டில் (குழுவில்) சில மாதங்கள், நடிகர் பாடுவதைப் பின்னிருந்து வாங்கிப் பாடும் பின்பாட்டுப் பாடிப் பாருங்கள். எந்த வகுப்பும் தராத மேடைப் பழக்கம் அங்கே கிடைக்கும்.

ஏற்காட்டில் இரவு நிகழ்ச்சி என்றால் மாலையிலேயே மலையேறிவிடுங்கள். ஈரக்காற்றில் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கும்; குளிரில் தொண்டையும் இறுகும். மேடைக்கு அருகிலேயே அரைமணி நேரம் மெல்லப் பாடி, வாத்தியத்தையும் அங்கேயே சுருதி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கூத்துக்கு மாசி முதல் ஆடி வரைதான் நல்ல காலம். மற்ற மாதங்களுக்குப் பாட்டு வகுப்பு எடுப்பதில் குறைவொன்றும் இல்லை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்திலும் பதிந்துகொள்ளுங்கள். சம்பளம், பயணச் செலவு, சாப்பாடு மூன்றையும் முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் பேசி முடித்துவிட வேண்டும். வேடம் கட்டிய பிறகு அந்தப் பேச்சை எடுத்தால், அன்றைய முதல் விருத்தமே கலங்கிவிடும்.