ஹோட்டலில் காமன் கூத்து ஆடக் கேட்டால்

ஏப்ரலில் இலங்கை மலையகத்து நுவரெலியாவில் சீசன் தொடங்கினால் போதும், "அரை மணி நேரம் ஏதாவது ஆடிக் காட்டுங்களேன்" என்று ஹோட்டல்களிலிருந்து காமன் கூத்து ஆடுகிற தேயிலைத் தோட்டத்துப் பொடியன்களுக்கு அழைப்பு வரும். போகலாம். ஆனால் சரி என்று சொல்வதற்கு முன்னால் கூத்து வாத்தியாரோடு உட்கார்ந்து, எதைக் காட்டுவது, எதைக் காட்டக்கூடாது என்று பேசி முடித்துவிடுங்கள்.

காமன் கூத்து என்பது சிவன் காமனை, அதாவது மன்மதனை, எரித்த கதை. மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றி, காப்புக் கட்டி, விரதம் இருந்து, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிக்கிறோமே, அதெல்லாம் நேர்ந்துகொண்டு செய்கிற காரியம். ஹோட்டல் புல்வெளியில் கம்பம் ஊன்றவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். வீரபத்திரன் வேஷமும் வேண்டாம். அருள் வந்துவிட்டால் சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவில் யார் மலையேற்றுவது? ரதி மன்மதன் ஆட்டம், சிவன் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி தடுக்கிற பாட்டு, குறவன் குறத்தி, இவ்வளவு போதும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் அடிலெய்ட் பக்கத்துப் பழங்குடியினர் குடியேறிகளுக்கு முன்னால் 'கொரொபரி' என்கிற தங்கள் ஆட்டத்தை ஆடியிருக்கிறார்கள். 1885-ல் அடிலெய்ட் ஓவல் மைதானத்தில் ஆடியபோது ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. வந்தவர்களுக்கு அது வெறும் வேடிக்கை. ஆடியவர்களோ எல்லாரும் பார்க்கக்கூடிய ஆட்டம் வேறு, வெளியார் கண்ணில் படக்கூடாத சடங்கு வேறு என்று தெளிவாக இருந்தார்கள், காட்டியதற்குக் காசும் வாங்கினார்கள். நாமும் கூச்சப்படாமல் கேட்க வேண்டியதுதான்.

காசை லொறி ஏறுவதற்கு முன்னால் பேசுங்கள், பாதியாவது அட்வான்ஸாக வாங்குங்கள். லொறிக் கூலியும் ராச்சாப்பாடும் தனி. வேஷம் கட்டக் கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் உள்ள ஒரு அறை கேளுங்கள், ரதி கட்டுகிற பையனைக் குசினிக்குப் பின்னால் நிற்க வைத்து முகத்துக்குப் பவுடர் போடச் சொல்கிற இடத்துக்குப் போகவே வேண்டாம். வேஷம் கட்டும்போது யாரும் படம் எடுக்கக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் தப்பு மேளம். நுவரெலியா பனிக்குத் தோல் தொய்ந்து 'பொத்' 'பொத்' என்றுதான் கேட்கும், அதனால் ஆட்டத்துக்கு முன்னால் தீ மூட்டியே ஆக வேண்டும். ஹோட்டல்காரர் புல் கருகிவிடும் என்பார். ஒரு பழைய தகரத்தைக் கையோடு கொண்டுபோய், அதில் காய்ந்த தேயிலை மிலாறை, அதாவது தேயிலைச் செடிக் குச்சிகளை, போட்டு மூட்டுங்கள். தோலைத் தீயில் வைக்காமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் சுண்டிப் பாருங்கள். 'கிண்' என்று வந்ததும் எடுத்துவிட வேண்டும், கொஞ்சம் விட்டாலும் தோல் வெடிக்கும். நடுவில் ஒரு தரம் திரும்பக் காய்ச்ச வேண்டியிருக்கும், அந்த நேரத்துக்குக் குறவன் குறத்தியை விடுங்கள்.

கதையைச் சொல்லி அறிமுகம் செய்ய நம் ஆள் ஒருவரையே வையுங்கள், சிங்களமும் கொஞ்சம் இங்கிலீஷும் தெரிந்தால் போதும். ஹோட்டல்காரரிடம் மைக்கைக் கொடுத்தால் 'பேயாட்டம்' என்று சொல்லி வைப்பார். அரை மணி முடிந்ததும் "இன்னும் ஒன்று" என்று கத்துவார்கள். மேலே ஆடுவதாக இருந்தால் அதற்கும் காசைப் பேசிவிட்டு ஆடுங்கள்.