பழைய இம்ப்ரெஸாவுக்கு ஆறு கியர் பெட்டி போடுவது எப்படி

2001க்கும் 2005க்கும் இடையில் வந்த இரண்டு லிட்டர் டர்போ சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் வைத்திருக்கிறீர்களா? இன்ஜினில் கொஞ்சம் கை வைத்திருந்தால் ஐந்து கியர் பெட்டியைப் பற்றிய பயம் உங்களுக்கும் இருக்கும். அதன் கூடு வேர்க்கடலை ஓடு மாதிரி நெடுக்குவாட்டில் இரண்டு பாதியாக வரும், நடுவில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். டார்க் (இன்ஜினின் திருப்புவிசை) ஏற ஏற உள்ளே இருக்கும் இரண்டு கியர் தண்டுகளும் ஒன்றையொன்று தள்ளும், கூடு லேசாக விரியும், பற்கள் முழு ஆழத்துக்குக் கவ்வாமல் நுனியில் மட்டும் தொட்டு நிற்கும், அந்த நேரம் பார்த்து கிளட்சைப் படாரென்று விட்டால் பல் போய்விடும். மூன்றாம் கியர்தான் பெரும்பாலும் முதலில் அடிவாங்கும்.

இதே இம்ப்ரெஸாவின் அதிக சக்தி வகையான எஸ்டிஐ வண்டிகளில் வந்த ஆறு கியர் பெட்டி வேறு ஜாதி. கூடு முன்பின்னாகத் துண்டு துண்டாக அடுக்கி இறுக்கப்பட்டது, பற்கள் அகலமானவை, உள்ளேயே ஆயில் பம்ப் உண்டு. இன்ஜினோடு சேரும் போல்ட் துளைகள் ஒன்றேதான் என்பதால் 'அப்படியே மாட்டிவிடலாம்' என்று பலர் சொல்வார்கள். அதை நம்பிப் பெட்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். இந்த வேலையில் பெட்டி ஒரு பாகம், அவ்வளவுதான். அதோடு சேர்ந்து வரவேண்டியவைதான் பணத்தையும் நேரத்தையும் தின்னும்.

சரி, என்னென்ன வேண்டும்? ஆறு கியர் பெட்டி, அதற்கான பின் குறுக்குச் சட்டமும் மவுன்ட்டும், கியர் லிவரும் இணைப்புத் தண்டும், ரிவர்ஸ் பூட்டுக்கான கேபிள் (இந்தப் பெட்டியில் லிவரில் இருக்கும் வளையத்தைத் தூக்கினால்தான் ரிவர்ஸ் விழும்), 240 மில்லிமீட்டர் கிளட்ச், அதற்கான ஃப்ளைவீல், ஆர்180 பின் டிஃபரன்ஷியல், அதன் மவுன்ட்டுகள், பின் ஆக்சில்கள், எஸ்டிஐ ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். புதுப் பெட்டி நீளமானது, உங்கள் பழைய ஷாஃப்ட் இதில் உட்காராது. ஆக்சில் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும்: முன்னும் பின்னும் ஸ்ப்லைன் பற்களைக் கையால் எண்ணிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். டிஃபரன்ஷியல் பக்கம் பொருந்தி, வீல் மாட்டும் ஹப் பக்கம் பொருந்தாமல் போவது சகஜம், அப்படியானால் ஹப்பையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். 2005 எஸ்டிஐ முதல் ஹப்பில் வீல் போல்ட் வட்டம் 5x114.3 (ஐந்து போல்ட், 114.3 மில்லிமீட்டர் வட்டம்) ஆகிவிட்டது. உங்கள் வண்டியில் இருப்பது 5x100. அந்த ஹப்பை எடுத்தால் நான்கு வீலையும் மாற்ற வேண்டிவரும்.

இனி சொல்லப்போவதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் ஃபைனல் டிரைவ் விகிதம் (ஆக்சில் ஒரு சுற்று சுற்ற, அதை ஓட்டும் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) ஒன்றாக இருந்தே ஆகவேண்டும். கணக்கு இவ்வளவுதான்: பெட்டிக்குள் இருக்கும் முன் விகிதம் = பின் டிஃபரன்ஷியல் விகிதம் x பெட்டியின் வாலில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கியர் விகிதம். முன்னால் 3.900 என்றால், பின்னால் 3.900 போட்டு டிரான்ஸ்ஃபர் 1:1 ஆக இருக்கலாம், அல்லது 3.545 போட்டு டிரான்ஸ்ஃபர் 1.1:1 ஆக இருக்கலாம். 3.545ஐ 1.1ஆல் பெருக்கிப் பாருங்கள், 3.8995 வரும். ஆறு கியர் பெட்டிகளிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மாற்றிப் போட்டுவிட்டால் முன் வீல்களும் பின் வீல்களும் பத்து சதவீத வேகவித்தியாசத்தில் சுற்றப் பார்க்கும், அந்த இழுபறி முழுவதும், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியல் தலையில் விழும், அது சூடேறிச் சாகும்.

என் வண்டிக்கு வாங்கியபோது பழைய பாகம் விற்பவர் பெட்டியும் டிஃபரன்ஷியலும் ஒரே வண்டியிலிருந்து வந்தவை என்று சத்தியம் செய்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் இரண்டு மரக்கட்டைமேல் டிஃபரன்ஷியலை வைத்து, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் ஃபிளாஞ்சில் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு, கூட்டில் அதற்கு நேராக இன்னொரு கோடு. நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கத் தண்டைப் பிடித்து ஒரே சீராகப் பத்து சுற்று சுற்றினோம். ஒரு சுற்று மட்டும் சுற்றினால் மூன்றரையா, மூன்றே முக்காலுக்கு மேலா என்று குழம்பும், அதனால்தான் பத்து. 3.900 ஆக இருந்தால் கோடு 39 முறை வரவேண்டும். முப்பத்தைந்து முறை வந்து, முப்பத்தாறாவதில் பாதியிலேயே நின்றது. அதாவது 3.545. பெட்டியில் இருந்ததோ 1:1. அன்றைக்கே திருப்பிக் கொடுத்தேன். பத்து நிமிட வேலை, தயவுசெய்து யாரும் விட்டுவிடாதீர்கள். பெட்டியின் வகையை அதன்மேல் டிஒய்856 என்று தொடங்கும் குறியீட்டை முழுவதுமாகக் குறித்துக்கொண்டு சரிபார்க்கலாம். அதிலும் சந்தேகம் என்றால் வால்பகுதியைக் கழற்றி டிரான்ஸ்ஃபர் கியர் இரண்டின் பற்களையும் எண்ணிவிடுங்கள்.

அடுத்தது டிசிசிடி, அதாவது ஓட்டுபவரே இறுக்கத்தை மாற்றக்கூடிய நடு டிஃபரன்ஷியல். பல எஸ்டிஐ பெட்டிகளில் நடு டிஃபரன்ஷியலை மின்காந்தச் சுருள் ஒன்று இறுக்கும். உங்கள் டபிள்யூஆர்எக்ஸில் அதற்கு மின்சாரம் கொடுக்க ஆளில்லை. கன்ட்ரோலர் இல்லாமல் ஓட்டினால், 2004 மாடல் பெட்டி என்றால், 35:65 என்று பின்பக்கம் சாய்ந்த திறந்த டிஃபரன்ஷியல் ஆகிவிடும், ஈரத்தில் ஒரு வீல் வழுக்கினால் சக்தி எல்லாம் அதிலேயே போய்விடும். தனி கன்ட்ரோலர் வாங்கி வயர் இழுக்கத் தயாராக இருங்கள், அல்லது 2001-2003 இங்கிலாந்து எஸ்டிஐயில் வந்ததுபோல டிசிசிடி இல்லாத, விஸ்கஸ் கப்ளிங் (கெட்டியான திரவத்தால் தானாகவே இறுகும் அமைப்பு) உள்ள பெட்டியாகத் தேடுங்கள். தினமும் ஓட்டும் வண்டிக்கு எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

கழற்றும் வேலைக்கு வருவோம். பேட்டரி, மேலே இருக்கும் இன்டர்கூலர், ஸ்டார்ட்டர், இன்ஜினைப் பின்னால் பிடித்திருக்கும் பிட்ச் ஸ்டாப்பர் தண்டு எல்லாவற்றையும் எடுங்கள். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரின் குழாயைத் திறக்க வேண்டாம், போல்ட்டைக் கழற்றி அப்படியே ஓரமாகக் கட்டி வையுங்கள், காற்று வெளியேற்றும் வேலை மிச்சம். கீழே டவுன்பைப், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், முன் ஆக்சில்கள்.

இங்கேதான் முதல் தடவை செய்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். இந்த வண்டியில் கிளட்ச் இழுக்கும் வகை. ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டில் கொக்கி போட்டு நிற்கும், ஃபோர்க் அதைப் பிடித்திருக்கும், எல்லா போல்ட்டையும் எடுத்த பிறகும் பெட்டி அரை அங்குலம் நகர்ந்து நின்றுவிடும். கடப்பாரை போடாதீர்கள். பெல் ஹவுசிங் பக்கவாட்டில் 10 மில்லிமீட்டர் ஆலன் சாவியால் திறக்கும் ஒரு மூடி இருக்கிறது. அதைக் கழற்றினால் உள்ளே ஃபோர்க்கின் அச்சுத் தண்டு, அதன் நடுவில் மரை. ஒரு எம்6 போல்ட்டை அதில் முறுக்கி, ப்ளையரால் பிடித்து நேராக இழுத்தால் தண்டு வெளியே வந்துவிடும், ஃபோர்க் விடுபடும். மாட்டும்போது இதே வழி, தலைகீழாக.

புதுப் பெட்டி பழையதைவிட நன்றாகவே கனம். டிரான்ஸ்மிஷன் ஜாக்கி இல்லாமல் வயிற்றில் வைத்துத் தூக்கலாம் என்று நினைக்க வேண்டாம், இரண்டு பேராவது வேண்டும். ஃப்ளைவீல் கழன்ற நேரத்திலேயே கிராங்க் பின் சீலையும் பைலட் பேரிங்கையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஃப்ளைவீல் போல்ட்டுகள் 72 நியூட்டன் மீட்டர், பெல் ஹவுசிங் 50. பெட்டியைச் சேர்க்கும்போது இன்புட் ஷாஃப்ட்டில் அதன் எடை தொங்கக் கூடாது, இடைவெளி இருக்கும்போதே போல்ட்டை முறுக்கி இழுக்கவும் கூடாது. ஜாக்கியின் கோணத்தைத் திருத்தி, பின்னால் உள்ள ஃபிளாஞ்சை மெல்ல ஆட்டினால் ஒரு கட்டத்தில் தானாகவே உள்ளே சறுக்கி ஒட்டிக்கொள்ளும். கூடு இரண்டும் தொட்ட பிறகுதான் ஸ்பேனர்.

மின் பக்கம் பெரிய வேலை இல்லை. நியூட்ரல் சுவிட்ச், ரிவர்ஸ் சுவிட்ச், வேக சென்சார், இந்த மூன்று பிளக்குகளும் பொருந்துகின்றனவா என்று பெட்டியை ஏற்றும் முன்பே பாருங்கள். ஏற்றிய பிறகு கை போகாது.

ஆயில் 75டபிள்யூ-90, ஜிஎல்-5. முன் டிஃபரன்ஷியலும் இதே ஆயிலில்தான் ஓடுகிறது என்பதால் ஜிஎல்-4 ஊற்றக் கூடாது. பழைய பெட்டிக்கு 3.5 லிட்டர், இதற்கு 4.1 லிட்டர், பழைய கணக்கில் ஊற்றிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். டிஃபரன்ஷியலுக்குத் தனியாக ஒரு லிட்டர் வாங்கி வைத்து, நிரப்பும் துளையில் வழியும்வரை ஊற்றுங்கள்.

ஆறாவது கியர் வந்தால் நெடுஞ்சாலையில் இன்ஜின் நிதானமாகும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஐந்தாம் கியர் 0.738. அமெரிக்க எஸ்டிஐயின் ஆறாம் கியர் 0.756, ஜப்பான் பெட்டியில் 0.842. ஃபைனல் டிரைவ் 3.900 ஆகவே இருந்தால் அதே வேகத்தில் ஆர்பிஎம் கொஞ்சம் கூடத்தான் செய்யும், குறையாது. கியர்கள் நெருக்கமாக இருப்பதும் உடையாமல் இருப்பதும்தான் இதில் கிடைப்பது. கிளட்சை உதைத்துக் கிளம்பும் பழக்கம் உங்களுக்கு இல்லையென்றால், இன்ஜினும் கம்பெனி சக்தியிலேயே இருந்தால், ஐந்து கியர் பெட்டியை நன்றாகப் பிரித்துக் கட்டினாலே போதும்.

மாட்டி முடித்ததும் நான்கு வீலையும் ஸ்டாண்டில் உயர்த்தி, எல்லா கியரையும் ரிவர்ஸையும் போட்டுப் பாருங்கள். பிறகு காலியான இடத்தில் மெதுவாக எட்டுப் போட்டு ஓட்டுங்கள். முழுத் திருப்பத்தில் வண்டி பிரேக் பிடித்ததுபோல் இழுத்தால் அங்கேயே நிறுத்தி விகிதக் கணக்கை மறுபடி பாருங்கள். கிளட்ச் படியும்வரை சில நூறு கிலோமீட்டர் முழு பூஸ்ட் வேண்டாம். 1000 கிலோமீட்டரில் ஆயிலை இறக்கி, வடிகால் மூடியின் காந்தத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் களிம்பு இருந்தால் சரிதான். விரலில் குத்துகிற துண்டு ஏதாவது இருந்தால் பெட்டியை இறக்க வேண்டும்.