பிளாஸ்மாவின் வெளிச்சத்தைத் தாண்டி அதிர்வலையைப் படம் பிடித்த கதை

அலுமினியத் தகட்டில் 1064 நானோமீட்டர் லேசரைக் குவித்து, காற்றில் கிளம்பும் அதிர்வலையை 532 நானோமீட்டர் பச்சைத் துடிப்பைப் பின்னொளியாக வைத்துப் படம் பிடித்தால், லேசர் பட்ட இடத்தில் உருவாகும் பிளாஸ்மாவின் (மிகச் சூடாகி ஒளிரும் வாயு) வெளிச்சத்தால் நடுவில் வெள்ளைத் திட்டுதான் விழுந்தது, அலையின் விளிம்பு அதில் கரைந்தே போனது.

பச்சையை மட்டும் விடும் குறுகிய ஃபில்டர் போட்டேன். ஓரளவுதான் சரியானது, ஏனென்றால் பிளாஸ்மா தொடக்கத்தில் எல்லா நிறத்திலும் எரிகிறது, பச்சையிலும் அதன் பங்கு இருக்கும்.

பிரச்சினையைத் தீர்த்தது லென்ஸின் குவியத்தில் வைத்த சின்னத் துளை. பின்னொளி இணைக்கதிர்களாக வருவதால் அங்கே புள்ளியாகச் சுருங்கித் துளைக்குள் நுழைந்துவிடும், பிளாஸ்மாவின் ஒளியோ எல்லாப் பக்கமும் விரிந்து வருவதால் பெரும்பகுதி தடுப்பிலேயே நின்றுவிடும். அழகான ஏற்பாடு இது! துளையை ரொம்பச் சிறிதாக்காதீர்கள், அதிர்வலையில் பட்டு அதிகமாக விலகும் பின்னொளிக் கதிர்களும் அடைபட்டு நுண்ணிய விவரங்கள் மழுங்கிவிடும். ஐரிஸ் (துளையின் அளவை மாற்றக்கூடிய தடுப்பு) ஒன்றை வைத்து, படத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மூடிப்பாருங்கள்.

அப்புறம் ஒரு போலரைசர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடு), பின்னொளி அதிரும் திசைக்கு ஒத்துத் திருப்பி வைத்தது. பிளாஸ்மா ஒளி எல்லாத் திசையிலும் அதிர்வதால், மிஞ்சியதில் ஏறக்குறைய பாதி அதிலேயே போனது. இப்போது அதிர்வலை மெல்லிய கருங்கோடாக, தகட்டைத் தொடும் இடம்வரை தெளிவாகத் தெரிகிறது.