அம்பின் கூர் எந்தப் பக்கம்? உணவு வலையில் வழுக்கும் இடங்கள்

விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் நான் முதலில் பார்ப்பது அம்புக்குறியைத்தான். "நீர்க்காகம் மீனைத் தின்னும்" என்று சொல்லும்போது தின்பவர் முன்னால் வருகிறார். பிள்ளையும் அதே வரிசையில் நீர்க்காகத்திலிருந்து மீனுக்கு ஓர் அம்பைக் கீறிவிடும். படம் அழகாக இருக்கும், புள்ளி போய்விடும். யார் யாரைப் பிடிக்கிறார் என்பதை அம்பு காட்டுவதில்லை. சக்தி எங்கே போகிறது என்பதைத்தான் காட்டுகிறது. மீனின் உடம்பில் இருந்தது பறவையின் வயிற்றுக்குப் போகிறது. "தின்னும் வாய் இருக்கும் பக்கம் அம்பின் கூர்" என்று வெள்ளவத்தை வகுப்பில் சொல்லத் தொடங்கிய பிறகு இந்தப் பிழை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

குறையாதது அந்தப் பிரசித்தமான 10 சதவீதம். ஒரு போசணை மட்டத்திலிருந்து (தாவரம், அதைத் தின்னும் விலங்கு, அந்த விலங்கைத் தின்னும் விலங்கு என்ற படிகளில் ஒன்று) அடுத்ததற்குச் சக்தியில் 10 சதவீதம்தான் போகும் என்று மனப்பாடம் செய்தவர்கள் அதை நியூட்டனின் விதி போல எழுதுகிறார்கள். அது ஒரு சராசரி மட்டுமே. உண்மையில் 5 முதல் 20 வரை எப்படியும் இருக்கலாம். இந்தச் சிந்தனைக்கு அடிபோட்டவர் ரேமண்ட் லிண்டமன். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு சிறிய ஏரியை ஆராய்ந்து எழுதினார். 1942இல் கட்டுரை அச்சில் வருமுன்பே, 26 வயதில் இறந்துபோனார். அவர் பெயரில் பலர் "10 சதவீத விதி" சொல்கிறார்கள். அவருடைய ஏரியின் கணக்கிலோ தாவரவுண்ணிகளுக்கு 13 சதவீதம் அளவிலும், அவற்றைத் தின்றவற்றுக்கு 20க்கு மேலும் வந்திருந்தது.

அதே 10ஐச் சூரிய ஒளிக்கும் போடுவது இன்னொரு பிழை. ஒளியிலிருந்து தாவரத்துக்குப் போவது பெரும்பாலும் ஒரு சதவீதம் அளவில்தான், பல இடங்களில் அதைவிடவும் குறைவு. பாசியில் 10,000 கிலோயூல் இருக்கிறது என்று கேள்வி தந்தால் 1,000, 100, 10 என்று இறங்கலாம். சூரியனில் தொடங்கும் கேள்வியில் முதல் படியை அப்படி இறங்கக் கூடாது.

"டீச்சர், அப்ப மிச்ச 90 எங்க போச்சு?" என்று ஒருவன் கேட்டான். வகுப்பு முழுக்க ஒரே குரலில் "வெப்பம்!" என்றது. பாதிதான் சரி. மிச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் கொழும்பில் கங்காராமைப் பக்கம் பேரை வாவிக் கரையில் நின்றால் போதும். கழிவுநீரோடு வரும் நைதரசனையும் பொஸ்பரசையும் குடித்துப் பாசி பெருகி, தண்ணீர் பச்சைக் குழம்பு போலக் கிடக்கிறது. அவ்வளவு பாசியையும் தின்ன ஆளில்லை. தின்னப்படாத பாசி செத்து அடியில் படிகிறது. தின்றதிலும் செரிக்காத பங்கு எச்சமாக வெளியே போகிறது. உடம்பில் சேர்ந்ததில் பெரும்பகுதிதான் சுவாசத்தில் செலவாகி வெப்பமாகிறது. வளர்ச்சிக்கென்று மிஞ்சுவது கடைசிச் சில்லறை. அடியில் படிந்ததைப் பற்றீரியா தின்னும்போது ஒட்சிசன் இறங்குகிறது. பாசியும் இரவில் சுவாசித்து ஒட்சிசனை எடுக்கும். (தாவரம் சுவாசிப்பதில்லை என்று எழுதுகிறவர்களும் இதைக் கவனிக்கலாம்.) விடியப்புறம் மீன்கள் செத்து மிதக்க இதுவே காரணமாகலாம். உணவு மலிந்த வாவியில் மீன் மூச்சுத் திணறிச் சாகிறது!

அந்த வாவியிலேயே கூழைக்கடாக்கள் வாழ்கின்றனவே என்பீர்கள். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீன் பாசியையும் அழுகற் பொருளையும் நேரே தின்னும். உணவுச் சங்கிலி கட்டையானால் வழியில் இழப்பும் குறைவு; அதனால்தான் இவ்வளவு பெரிய பறவைக்கும் பசியாறுகிறது.

"பிரிகையாக்கிகள் சக்தியை மீண்டும் மண்ணுக்குக் கொடுக்கின்றன." செத்ததையும் எச்சத்தையும் சிதைக்கும் பற்றீரியா, பூஞ்சை போன்றவற்றைப் பற்றிய இந்த வசனத்தை எத்தனை தாள்களில் கண்டிருக்கிறேன்! அவை திருப்பிக் கொடுப்பது பொஸ்பரசு, நைதரசன் போன்ற பதார்த்தங்களை. ஒரு பொஸ்பரசு அணு பாசி, மீன், கூழைக்கடா, எச்சம், மறுபடி பாசி என்று எத்தனை தரமும் சுற்றலாம். சக்திக்குத் திரும்பும் பாதை இல்லை. கூட்டெருக் குவியலுக்குள் கையை வைத்துப் பாருங்கள், சுடும். பிரிகையாக்கிகளும் சுவாசித்து வெப்பத்தை வெளிவிடுகின்றன. அந்தச் சூட்டைக் கொண்டு எந்தச் செடியும் ஒளித்தொகுப்புச் செய்யாது; காலையில் சூரியன் மறுபடி உதித்தே ஆகவேண்டும்.

போசணை மட்டங்களைக் கீழிருந்து மேலாக அடுக்கிக் காட்டும் கூம்பகங்களையும் ஒன்றோடொன்று குழப்புகிறார்கள். எண்ணிக்கைக் கூம்பகம் தலைகீழாகலாம்: ஒரு மாமரத்தில் ஆயிரம் பூச்சி. உயிர்த்திணிவுக் கூம்பகமும் (உயிரிகளின் எடையைக் காட்டுவது) கடலில் சிலவேளை தலைகீழாகும், நீரில் மிதக்கும் நுண்ணுயிரிகளான பிளாந்தனில் தாவரப் பிளாந்தனைவிட விலங்குப் பிளாந்தன் எடை கூடி நிற்கும். பேக்கரித் தட்டில் எந்நேரமும் இருபது பாண்தான் தெரிகிறது, ஆனால் ஒரு நாளில் முந்நூறு விற்றுப்போகிறது அல்லவா? தாவரப் பிளாந்தனும் அப்படித்தான், தின்னத் தின்னப் பெருகிக்கொண்டே இருக்கும். குறித்த காலத்துக்கு ஓடிய சக்தியைக் கணக்கிடும் கூம்பகம் மட்டும் ஒருபோதும் கவிழாது.

கடைசியாக, ஒரு விலங்குக்கு ஒரே மட்டம் என்று நினைப்பது. காலிமுகத்திடலில் இறால் வடையைக் கண் மூடி முழிப்பதற்குள் பறித்துப்போகும் காகத்தை எங்கே வைப்பீர்கள்? பருப்பைத் தின்னும்போது அது முதல் நுகரி (தாவரத்தை நேரே தின்பது). மேலே ஒட்டியிருக்கும் இறாலைக் கொத்தும்போது இரண்டாவதோ மூன்றாவதோ, அந்த இறால் எதைத் தின்றது என்பதைப் பொறுத்தது. வலையில் காகத்துக்கு அம்புகள் பல பக்கமிருந்தும் வரட்டும், கூர் மட்டும் அதன் அலகுப் பக்கம் இருக்கட்டும்.